மொன்ரிசோரி முன்பள்ளிக்கு உதவி தேவை: வாரக் கடிதமும் தமிழ் எழுத்து அட்டைகளும்

குழும உறவுகளுக்கு வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில் வயல்கள் சூழ்ந்த ஊரொன்றில், மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளை ஒரே அறையில் சேர்த்துக் கற்பிக்கும் சிறிய மொன்ரிசோரி (பிள்ளைகள் சாதனங்களைக் கையாண்டு தாமே கற்கும் முறை) முன்பள்ளியொன்றை நடத்தி வருகிறோம்.

வெள்ளிக்கிழமைதோறும் வார நடப்புகளை ஒரு பக்கத்தில் எழுதி வீடுகளுக்கு அனுப்புகிறோம். யாருடைய அம்மம்மா வந்து கதை சொன்னார், அடுத்த சிரமதானம் என்றைக்கு என்பவைதான் அதில் இருக்கும். காலபோக (பெரும்போக) நெல் அறுவடை நாட்களில் பெற்றோர் இருட்டோடு வயலுக்குப் போய்விடுவதால், பிள்ளைகளை அழைத்துவரும் முதியவர்களும் வாசிக்கத்தக்க பெரிய எழுத்திலான பக்க வடிவமைப்பு யாரிடமாவது இருந்தால் தந்துதவுங்கள். கடிதத்தில் பிள்ளைகளின் படங்களை இடுவதற்குப் பெற்றோரின் சம்மதம் பெறும் படிவமொன்றும் வேண்டும்.

அதைவிடப் பெரிய தேவை கற்றல் சாதனங்கள். அரத்தாளில் (மரம் தேய்க்கும் சொரசொரப்பான தாள்) வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவி அறியும் எழுத்துகளில் 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் எங்களுக்கு வேண்டும். நாங்களே வெட்டிப் பார்த்தால் ஞ, ண போன்ற சுழி மிகுந்த எழுத்துகளின் ஓரம் பிய்ந்துவிடுகிறது. எவ்வகை அரத்தாளும் பசையும் ஏற்றவை என்பதை, செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். (அச்செழுத்தைவிடக் கையெழுத்து வடிவமே விரலுக்கு இசைவானது என்பது என் எண்ணம்.)

அடுத்து, 1 முதல் 10 சென்ரிமீற்றர் வரை பக்கமுள்ள, கோபுரமாக அடுக்குவதற்கான 10 மரக் கனசதுரங்களை அளவு பிசகாமல் அறுத்துத் தரக்கூடிய தச்சர் பரந்தன், முல்லைத்தீவுப் பக்கம் இருந்தால் அறியத் தாருங்கள். அளவு பிசகினால், அடுக்கும் பிள்ளை தன் பிழையைத் தானே காண முடியாது. மரச்செலவையும் கூலியையும் நாங்களே கொடுப்போம். தைப்பொங்கலுக்கு முன் கிடைத்தால் நல்லது.