பின்னால் இடிபட்ட கார்: பம்பருக்கு உள்ளே என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்கு அருகே சுங்கச்சாவடி வரிசையில் நின்றுகொண்டிருந்த எங்கள் காரின் பின்புறத்தில் ஒரு சரக்கு வேன் மோதிவிட்டது. ஐந்து ஆண்டுகள் ஓடிய ஹேட்ச்பேக் வண்டி. யாருக்கும் அடிபடவில்லை. பம்பரில் உள்ளங்கை அகலத்துக்குச் சிராய்ப்பு மட்டுமே தெரிகிறது. பட்டறையில் காட்டியபோது, பாலிஷ் போட்டாலே போய்விடும், இதற்காகக் காப்பீட்டைத் தொட வேண்டாம் என்றார்கள். ஆனால் அன்றிலிருந்து டிக்கியை இரண்டு முறை ஓங்கி அடித்தால்தான் பூட்டுகிறது. நேற்றைய மழைக்குப் பிறகு உள்ளே ஈர வாடையும் வீசுகிறது. அடுத்த வாரம் மனைவியையும் மூன்று வயது மகளையும் அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போக வேண்டும். வெளியே தெரியாத சேதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுமொழி 1 (டிங்கரிங் பட்டறை நடத்துபவர், கோவை)

பாலிஷ் போடுவதை நிறுத்திவிட்டு, முதலில் பம்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கண்ணுக்குத் தெரிவது வெறும் பிளாஸ்டிக் மூடி. அடி வாங்கும்போது உள்ளே அமுங்கிவிட்டு, மறு நொடியே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டமும் தகடும் அப்படித் திரும்புவதில்லை. சில சிறிய கார்களில் அந்தச் சட்டமே இருக்காது என்பதால், அடி நேராகப் பின் தகட்டில் இறங்கும். டிக்கி பூட்டாததும் ஈர வாடையும் ஒரே காரணத்தால் வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்: தகடு உள்ளே தள்ளப்பட்டால், பூட்டு மாட்டும் கொக்கியும் இடம் மாறும், ஓரத்து ரப்பரும் சரியாக அழுந்தாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். டிக்கி விரிப்பையும் ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துவிட்டு, டார்ச் விளக்கைத் தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும் தளத்தில், காகிதத்தை மடித்து நீவியது போன்ற கோடு அப்போதுதான் நிழலாக எழும்பும். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் இடைவெளியை அடைக்கப் பூசியிருக்கும் சீலர் பசையில் நகக்கீறல் அளவு வெடிப்பு இருந்தாலும் அங்கே தகடு அசைந்திருக்கலாம். பிறகு டிக்கி வாயின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். சேசிஸ் கால்களில் (வண்டியின் அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டங்கள்) சுருக்கம் விழுந்திருக்கிறதா, சைலன்சர் தொங்கும் ரப்பர்கள் இழுபட்டிருக்கின்றனவா, பெட்ரோல் டேங்கின் பட்டைகள் நகர்ந்திருக்கின்றனவா என்பதையெல்லாம் வண்டியை லிஃப்டில் ஏற்றினால்தான் பார்க்க முடியும்.

மறுமொழி 2 (காப்பீட்டு இழப்பீட்டுத் துறையில் பணியாற்றியவர்)

மேலே நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கழற்றும் வரிசையில் கவனம் தேவை. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் முன்பே பட்டறையில் பிரித்துவிட்டால், எந்தச் சேதம் மோதலால் வந்தது, எது கழற்றும்போது வந்தது என்ற வாக்குவாதம் எழும். முதலில் தகவல் கொடுங்கள், இருக்கும் நிலையிலேயே எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள், சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்த்த பிறகு அவருக்குத் தெரியும்படி பம்பரைக் கழற்றச் செய்யுங்கள். முதல் மதிப்பீடு வெளியே தெரிந்ததை வைத்துத்தான் போடப்படும். பிரித்த பின் உள்ளே புதிய சேதம் தென்பட்டால், பழுது பார்ப்பதற்கு முன்பே கூடுதல் மதிப்பீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். தேய்மானக் கழிவு (பாகங்கள் பழையவை என்று தொகையைக் குறைப்பது) இல்லாத பாலிசி உங்களிடம் இல்லையென்றால், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் 50 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3

எங்கள் வண்டியிலும் இதே போல் பின்பக்கத்தில் அடிபட்டது. வெளியே ஒன்றும் தெரியாததால் விட்டுவிட்டோம். சில மாதங்களில் பின் டயர் ஒன்று உள்பக்கமாக மட்டும் வழுக்கையானது. அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண அளவு) பார்த்தபோதுதான் பின் அச்சு வளைந்திருந்தது தெரியவந்தது. நான்கு சக்கரங்களுக்கும் அளவு எடுத்து, அந்த அளவுகள் அச்சிட்ட தாளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முன் இருக்கைகளின் சாய்வு இருபக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா, சீட் பெல்ட் தடையின்றி இழுபட்டுத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். குழந்தை இருக்கையில் வெடிப்பு இருந்தால் தயவுசெய்து அதை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்டெப்னியைத் தூக்கியபோது அடியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. சர்வேயர் முன்னிலையில் இன்று பம்பரைக் கழற்றினார்கள். பின் தகடு வலப்பக்கமாக உள்ளே போயிருக்கிறது, மூலைவிட்டங்கள் 9 மில்லிமீட்டர் வேறுபடுகின்றன. கூடுதல் மதிப்பீடு கேட்டிருக்கிறோம். வண்டி பட்டறையிலேயே நிற்கிறது. திருநெல்வேலிக்கு ரயிலில் போகிறோம்.