புதுப்பிப்பு: அம்மம்மாவின் வைரத் தோடு

அம்மம்மாவின் தோட்டுக் கற்கள் மஞ்சளாகத் தெரிகின்றன, திருகோணமலையில் ஒரு கடையில் “வயதாகி நிறம் மாறிவிட்டது, மாற்றிவிடுங்கள்” என்கிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். மாற்றவில்லை. நல்லவேளை!

பத்தர் ஐயாவிடம் கொடுத்துக் கற்களைக் கழற்றினோம். தங்கத்தின் மஞ்சள் கல்லுக்குள் தெரியும் என்பதால், பதித்த கல்லின் நிறத்தைச் சரியாகச் சொல்ல முடியாதாம். பின்பக்கம் பல வருட எண்ணெய் அழுக்கு வேறு. கழுவி, மடித்த வெள்ளைத் தாளின் மடிப்பில் தலைகீழாக வைத்து ஜன்னலோரம் பக்கவாட்டில் பார்த்தோம். மேலிருந்து பார்த்தால் மினுக்கம் நிறத்தை மறைத்துவிடும். இலேசான மஞ்சள் சாயல், அவ்வளவுதான்.

அப்புறம் கொழும்பில் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நிறம் தெரிந்த மாதிரிக் கற்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் ‘கே’ என்ற நிறத் தரம் கிடைத்தது.

ஜிஐஏ என்ற அமெரிக்க இரத்தினக்கல் நிறுவனத்தின் நிற அளவுகோல் ‘டி’யில் தொடங்கி ‘இசட்’ வரை போகும். வியாபாரிகள் முன்பு ஏ, பி, சி என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவந்ததால் அந்த எழுத்துகளை விட்டுவிட்டார்களாம். டி முதல் எஃப் வரை நிறமற்றவை, ஜி முதல் ஜே வரை ஏறக்குறைய நிறமற்றவை, கே முதல் எம் வரை மெல்லிய சாயல்.

அந்த மஞ்சளுக்குப் பெரும்பாலும் காரணம் கல் உருவானபோதே உள்ளே சேர்ந்த நைதரசன். அணிந்து அணிந்து வருவதில்லை. அம்மம்மாவிடம் இதைச் சொன்னதும் தோட்டை வாங்கி உடனேயே காதில் போட்டுக்கொண்டார்.