மோரிஸ் மைனர் 1000: மழையில் முன்விளக்கு மங்குகிறது, டைனமோவின் சிவப்பு விளக்கு அணைய மறுக்கிறது

தோட்டத்து மைனர் (சுங்கை சிப்புட்):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1965ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000, 1098 சிசி இயந்திரம், நான்கு கதவு. ஒரு காலத்தில் தோட்ட நிர்வாகி ஓட்டியது. பின்னர் தலைமைக் கிராணியின் (தோட்ட அலுவலக எழுத்தர்) வீட்டுக்குப் போய், நீண்ட காலம் கொட்டகையில் கிடந்து, சென்ற ஆண்டு என் கைக்கு வந்தது. தகர வேலையும் சாயமும் ஒரு பட்டறையில் முடிந்துவிட்டன. மின்சாரப் பகுதியை மட்டும் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று நண்பர்கள் மூவரும் முடிவு செய்தோம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். இன்னொருவர் செம்பனை ஆலையில் சார்ஜ்மேன், அதாவது மின்சாரப் பொறுப்பாளர். மூன்றாமவர் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர்.

பகலில் வண்டி குறையில்லாமல் ஓடுகிறது. மாலை மழையில் முன்விளக்கையும் வைப்பரையும் சேர்த்துப் போட்டால், வேகமாகப் போகும்போதுகூட டைனமோவின் (இயந்திரம் சுற்றும்போது மின்சாரம் தரும் கருவி) சிவப்பு எச்சரிக்கை விளக்கு மங்கலாக எரிகிறது. வேகம் கூடினால் அதன் ஒளியும் சற்றுக் கூடுகிறது. முன்விளக்கு மஞ்சளாகி, வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்று யோசித்துவிட்டுப் போகிறது. இது போதாதென்று, பிரேக்கை மிதித்தால் இடப்பக்கச் சிக்னல் விளக்கும் லேசாக எரிகிறது.

மோட்டார் சைக்கிள் நண்பர் டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு, பிற்கால வண்டிகளில் அதே வேலையைச் செய்யும் ஆல்டர்நேட்டர் போட வேண்டும் என்கிறார். சார்ஜ்மேன் நண்பரோ அளந்து பார்க்காமல் எதையும் மாற்றக்கூடாது என்கிறார், ஆனால் இந்த வண்டியில் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருப்பதைப் பார்த்ததும் அவரும் சற்றுத் தயங்குகிறார். பேட்டரி புதியது, நிறுத்தி வைத்த நிலையில் 12.6 வோல்ட் காட்டுகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தெலுக் இந்தான் ஆஸ்டின்:

உங்கள் மோட்டார் சைக்கிள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் வண்டியில் இருக்கும் லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் ஓடினாலும் 22 ஆம்பியர்தான் கொடுக்கும், இயந்திரம் மெதுவாகச் சுற்றும்போது ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்காது. நான் என் ஆஸ்டினில் ஆல்டர்நேட்டர் பொருத்தி, எதிர்முனையை உடலோடு இணைத்துவிட்டேன். அதன் பிறகு நிம்மதியாக ஓட்டுகிறேன்.

பட்டாணி வயர்மேன் (சுங்கைப் பட்டாணி):

ஆஸ்டின் அண்ணன் சொன்ன 22 ஆம்பியர் கணக்கு சரியானதே. ஆனால் அதே கணக்கை இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துப் பார்ப்போம். 45 வாட் முன்விளக்கு இரண்டுக்கும் சேர்த்து ஏழரை ஆம்பியர், பக்கவிளக்குகளும் பின்விளக்குகளும் இரண்டு, வைப்பருக்கு இரண்டரை, இக்னிஷனுக்கு மூன்று என்று கூட்டினால் பதினைந்துக்குள் அடங்கிவிடும். வேகமாக ஓடும் டைனமோவுக்கு அது சுமையே அல்ல. ஆகவே, போதாமல் போவது டைனமோவின் சக்தி அல்ல என்பது என் எண்ணம். அந்தச் சக்தி போகிற வழியில் எங்கோ தடை இருக்கிறது. ஆல்டர்நேட்டர் போட்டாலும் அந்தத் தடை அங்கேயேதான் இருக்கும், இன்னும் அதிக மின்னோட்டத்தைத் தாங்க வேண்டியதாகி, மேலும் சூடாகும்.

நீங்கள் குறிப்பிட்ட சிவப்பு விளக்கே இதற்குச் சாட்சி. அதன் ஒரு முனை டைனமோவின் ‘டி’ இணைப்பிலும் மறுமுனை இக்னிஷன் சுவிட்சின் வெள்ளைக் கம்பியிலும் இருக்கிறது. இயந்திரம் நின்றிருக்கும்போது டைனமோவில் வோல்ட் இல்லாததால் பேட்டரியிலிருந்து மின்சாரம் அதன் வழியே ஓடி விளக்கு பளிச்சென்று எரியும். இயந்திரம் ஓடத் தொடங்கி இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் வந்ததும் அணைந்துவிடும். டைனமோ பழுதாக இருந்தால் வெளிச்சம் முழுதாக இருக்கும். உங்களுடையதுபோல் மங்கலாகவும், சுமை கூடும்போதும் வேகம் கூடும்போதும் வெளிச்சமாகவும் எரிந்தால், டைனமோ பக்கத்து வோல்ட் அதிகமாகவும் சுவிட்ச் பக்கத்து வோல்ட் குறைவாகவும் இருக்கிறது என்று பொருள். டைனமோ கொடுக்கிறது, வண்டிக்குப் போய்ச் சேரவில்லை.

ஐயத்துக்கு இடமில்லாமல் டைனமோவைச் சோதிக்க வேண்டுமானால், அதிலுள்ள இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டு, ‘டி’, ‘எஃப்’ முனைகள் இரண்டையும் சிறு கம்பியால் இணைத்து, அதற்கும் உடலுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து இயந்திரத்தை மெல்ல வேகப்படுத்துங்கள். 1000 சுற்றுக்குள்ளேயே முள் தடுமாறாமல் விறுவிறுவென்று ஏற வேண்டும். 20 வோல்ட்டை எட்ட விட வேண்டாம். ஏறினால் டைனமோவைத் தொடவே தேவையில்லை.

அடுத்தது கட்-அவுட் பெட்டி, அதாவது டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தியும் வைக்கும் பெட்டி. உங்கள் வண்டியில் ஆர்பி106 வகை இருக்க வேண்டும். எஃப், ஏ, ஏ1, டி, ஈ என்று ஐந்து முனைகள் இருக்கும். பேட்டரியிலிருந்து வரும் பழுப்புக் கம்பி ஏ முனைக்கு வருகிறது. ஏ1 முனையிலிருந்து நீலக் கோடு போட்ட பழுப்புக் கம்பி விளக்கு சுவிட்சுக்கும் இக்னிஷன் சுவிட்சுக்கும் போகிறது. வண்டியின் விளக்கு, வைப்பர், இக்னிஷன் எல்லாம் அந்த ஒரு திருகை நம்பித்தான் இருக்கின்றன.

விளக்கும் வைப்பரும் போட்ட நிலையில் இயந்திரத்தை வேகமாக ஓட விட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை கட்-அவுட்டின் டி திருகிலும் மறுமுனையைப் பக்கத்திலுள்ள பியூஸ் பெட்டியின் ஏ3 முனையிலும் வையுங்கள். ஏ3 முனையில் வெள்ளைக் கம்பிதான் இருக்கும், ஆகவே டாஷ்போர்டுக்குப் பின்னால் தலையை நுழைக்க வேண்டியதில்லை. அங்கே தெரியும் வோல்ட், வழியில் தொலைந்த வோல்ட். அதன் பிறகு வழியைத் துண்டு துண்டாக அளந்துகொண்டு போங்கள். டியிலிருந்து ஏ1 வரை, பிறகு ஏ1 திருகிலிருந்து அதற்குள் செருகியிருக்கும் கம்பியின் செம்பு வரை, பிறகு சுவிட்ச் வரை. திருகுக்கும் அதில் மாட்டிய கம்பிக்கும் நடுவே அளக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருட்டு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பழுப்புக் கம்பிகளுக்கும் முன்விளக்குக்கும் இந்த வண்டியில் பியூஸ் கிடையாது. திருகாணியை எடுக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். நேர்முனை எர்த் (மின்சாரம் திரும்பும் வழியாக உடலோடு இணைந்தது) என்பதால் அஞ்ச வேண்டியது ஒன்றுமில்லை, மீட்டரின் சிவப்பு முனையை உடலில் வைத்து அளந்தால் கணக்கு நேராக வரும். புதிய வானொலி, கைப்பேசி சார்ஜர் போன்றவற்றைப் பொருத்தும்போதுதான் கவனம் தேவை. அவற்றின் உலோகக் கூடு எதிர்முனையோடு சேர்ந்திருக்கும். உடலில் பட்டால் அதோடு முடிந்தது.

கிராணி மகள் (குளுவாங்):

வயர்மேன் ஐயா முன்பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் பின்பக்கத்தைச் சொல்கிறேன். பிரேக்கை மிதித்தால் சிக்னல் எரிவது எர்த் கோளாறு என்று தயங்காமல் சொல்லலாம். பின்விளக்குக் கூட்டில் பிரேக், பின்விளக்கு, சிக்னல் மூன்றுக்கும் உடல்வழி எர்த் ஒன்றுதான். அது அறுந்துவிட்டால், பிரேக் விளக்குக்கு வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் சிக்னல் பல்பின் இழை வழியாக முன்பக்கச் சிக்னலுக்குப் போய், அங்கே உள்ள எர்த்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே மின்சாரம் இத்தனை இழைகளைக் கடந்து போவதால் எதுவும் முழுமையாக எரியாது.

சாயம் அடித்த வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். பின் மட்கார்டு தனித் தகடு. திருகாணிகளால் உடலோடு சேர்ந்திருக்கிறது. திருகாணிக்கடியிலும் விளக்குக் கூட்டின் அடியிலும் புதுச் சாயம் புகுந்திருந்தால் எர்த் எங்கே இருக்கும்? வெளியே மின்னும் வண்டிகளுக்கு இந்த நோய் அதிகம். ஒரு நீளமான கம்பியை விளக்குக் கூட்டின் உலோகத்தில் ஒரு முனையும் பேட்டரியின் நேர்முனையில் மறுமுனையும் வைத்துப் பிடித்துக்கொண்டு, நண்பரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். சிக்னல் அணைந்து பிரேக் விளக்கு பளிச்சென்று வந்தால் நோய் கிடைத்துவிட்டது. சாயத்தைச் சுரண்டுவதைவிட, விளக்குக் கூட்டிலிருந்து டிக்கிக்குள் நல்ல உலோகத்துக்கு ஒரு கறுப்புக் கம்பி இழுத்துவிடுவதே நிரந்தரமானது என்று நான் கருதுகிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். இயந்திரம் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே இயந்திரத்துக்கும் உடலுக்கும் நடுவே ஒரு பின்னல் கம்பி இருக்க வேண்டும். பட்டறைகளில் கியர் பெட்டியை இறக்கி ஏற்றும்போது அதைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் திரும்பி ஓடுகிறது.

தோட்டத்து மைனர்:

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதில்தான் போயிற்று.

டைனமோவைச் சோதித்தபோது முள் ஒரே மூச்சில் ஏறியது. ஆல்டர்நேட்டர் பேச்சை நண்பர் அதோடு விட்டுவிட்டார். விளக்கும் வைப்பரும் போட்டு அளந்ததில் டி முனைக்கும் ஏ3 முனைக்கும் நடுவே 1.9 வோல்ட் தொலைந்திருந்தது. அதில் 0.5 கட்-அவுட்டின் உள்ளே. ஏ1 திருகுக்கும் அதில் செருகிய கம்பியின் செம்புக்கும் நடுவே மட்டும் 1.1. மீதி சுவிட்சிலும் கம்பியிலும். சார்ஜ்மேன் நண்பர் உடனே பெருக்கிப் பார்த்துவிட்டு, பதினைந்து வாட்டுக்கு மேல் அந்த ஒரு திருகின் முனையிலேயே சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதனால் கம்பியின் உறை பழுத்திருக்க வேண்டும் என்றார். பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திருகைத் தளர்த்தினோம். பித்தளை பச்சை பூத்திருந்தது. உள்ளே இருந்த செம்பு இழைகளில் பாதிக்கு மேல் ஒடிந்து, எஞ்சியவை கறுத்திருந்தன. உறை கட்டைவிரல் நீளத்துக்கு மொறுமொறுவென்று கையில் உதிர்ந்தது. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, முனையில் குழாய்க் கூடு அழுத்தி, ஈயம் பற்றவைத்து, முனையைச் சுத்தம் செய்து இறுக்கினோம். இப்போது அந்த இடத்தில் மீட்டர் அசையவே இல்லை. சிவப்பு விளக்கு இருட்டில் பார்த்தாலும் தெரியவில்லை.

பின்பக்கத்தில் கிராணி மகள் சொன்னபடியே நடந்தது. சாயம் திருகாணிக்கடியில் ஒட்டுப்போல் படிந்திருந்தது. கறுப்புக் கம்பி இழுத்துவிட்டோம். சோக் கம்பி சூடாகவில்லை, கியர் பெட்டிக்கடியில் பின்னல் கம்பியும் இருந்தது.

டிக்கிக்குள் தலையை விட்டபோது, எலி இரண்டு இடங்களில் கம்பியின் உறையைக் கடித்திருப்பது தெரிந்தது. செம்பனைத் தோட்டத்தில் எலிக்காக ஆந்தைக் கூடு வைக்கிறார்கள். என் கொட்டகைக்கும் ஒன்று கேட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு கேள்விகள் மீதி இருக்கின்றன. சந்திப்பில் நிற்கும்போது முன்விளக்கு இன்னும் மங்குகிறது, சிவப்பு விளக்கும் மினுக்குகிறது, இது சரிதானா? பியூஸ் பெட்டியில் ஒரு பியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டித் தகடு இருந்தது. அதை எடுத்துவிட்டு என்ன போட வேண்டும்?

பட்டாணி வயர்மேன் (சுங்கைப் பட்டாணி):

அளந்த விதம் மிகச் சரி, சார்ஜ்மேன் நண்பருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். நிற்கும்போது மங்குவது இந்த வண்டியின் இயல்பு. அந்தச் சுற்று வேகத்தில் டைனமோவின் வோல்ட் பேட்டரியைவிடத் தாழ்ந்து, கட்-அவுட் தானாகவே பிரிந்துகொள்கிறது, இல்லாவிட்டால் பேட்டரி டைனமோவுக்குள் வடிந்துவிடும். டைனமோ 12.7 முதல் 13.3 வோல்ட்டை எட்டும்போது திரும்பவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே சந்திப்பில் நிற்கும் நேரத்தில் விளக்கு முழுவதும் பேட்டரியில்தான் எரிகிறது. இயந்திரத்தின் மெதுவோட்டத்தைச் சற்றே உயர்த்திப் பார்க்கலாம்.

கட்-அவுட்டின் உள்ளே தொலையும் 0.5 வோல்ட்டில் ஒரு பகுதி அதன் சுருளுக்கு உரியது, அதை மாற்ற முடியாது. மூடியைத் திறந்து, பேட்டரி கழற்றிய நிலையில், சேரும் முனைகளுக்கு நடுவே நுண்ணிய உப்புத்தாளை ஒருமுறை இழுத்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் போதும். பக்கத்தில் இருக்கும் திருகாணிகளைத் திருப்ப வேண்டாம். வோல்ட் அளவை நிர்ணயிப்பவை அவைதான்; அவற்றைத் திருப்பிவிட்டுப் பேட்டரி கொதிக்கிறது என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பியூஸைப் பொறுத்தவரை, தகட்டை எடுத்துவிட்டு லூகாஸ் 35 ஆம்பியர் கண்ணாடிப் பியூஸ் போடுங்கள். அந்த 35 என்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 மட்டுமே. ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும் சில பியூஸ்களில் எழுதியிருக்கும் 35 தொடர்ந்து தாங்கும் அளவாக இருக்கும், அதைப் போட்டால் கம்பி உருகிய பிறகுதான் பியூஸ் உருகும். அந்த வகைதான் கிடைக்கிறதென்றால் 17க்கு அருகில் உள்ளதை வாங்குங்கள். தகடு சுற்றியிருந்த பியூஸ் ஏ3, ஏ4 முனைகளுக்கு நடுவே இருந்ததா என்று சொல்லுங்கள். பச்சைக் கம்பிகள் போகும் அந்த வழியில்தான் வைப்பரும் பிரேக் விளக்கும் சிக்னலும் இருக்கின்றன. யாரோ தகடு சுற்றியிருக்கிறார் என்றால் பியூஸ் அடிக்கடி போயிருக்கிறது என்று பொருள், எலி கடித்த இரண்டு இடங்களில் ஒன்று பச்சைக் கம்பியாக இருந்தால் காரணமும் அங்கேயே இருக்கிறது.