கார்த்திக் கல்யாணம்: மாப்பிள்ளை அழைப்புக் கார்

வித்யா: அழைப்புக்குத் திறந்த கார் இன்னும் முடிவாகவில்லை. டிராய் நகரில் ஒருவரிடம் 1965-ம் வருட லிங்கன் கான்டினென்டல் கார் இருக்கிறதாம். வெள்ளிக்குள் முன்பணம் கேட்கிறார்

மீனா அத்தை: என்ன நிறம்

வித்யா: கறுப்பு அத்தை

மீனா அத்தை: கல்யாணத்துக்குக் கறுப்பா

ரகு சித்தப்பா: அக்கா, நிறத்தை விடு, இதைவிட நல்ல கார் கிடைக்காது. 1938-ல் ஹென்றி ஃபோர்டின் மகன் எட்சல், ஃப்ளோரிடாவில் விடுமுறைக்கு ஓட்டத் தனக்கென்று ஒரு கார் கேட்டார். கிரெகரி என்ற வடிவமைப்பாளர் ஃபோர்டு நிறுவனத்தின் லிங்கன் செஃபிர் கார் வரைபடத்தின் மேலேயே கோடு இழுத்து மாற்றிக் கொடுத்தார். அங்கே பார்த்தவர்கள் எல்லாரும் எனக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று என்று கேட்கப்போய்த்தான் கான்டினென்டல் விற்பனைக்கே வந்தது

பாலா: வாடகை எவ்வளவு

ரகு சித்தப்பா: இரு பாலா. நாம் பார்ப்பது 1961-ல் வந்த வடிவம். அதற்கு முந்தைய மாடல் கப்பல் மாதிரி, சரியாக விற்கவில்லை, லிங்கனையே மூடிவிடலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. ஃபோர்டு வடிவமைப்பாளர் எல்வுட் எங்கல் தண்டர்பேர்டு என்ற இன்னொரு ஃபோர்டு காருக்கு என்று செய்துவைத்த மாதிரியை நிறுவன உயரதிகாரி மெக்னமாரா பார்த்துவிட்டு, இதை நாலு கதவாக நீட்ட முடியுமா என்று கேட்டார். அப்படித்தான் அந்தப் பெயர் பிழைத்தது. பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும், பட்டு வேட்டியோடு கார்த்திக் தடுக்காமல் இறங்கலாம்

மீனா அத்தை: கென்னடியைச் சுட்டபோது இருந்த கார்தானே இது

ரகு சித்தப்பா: அது 61 கார் அக்கா, நீட்டித் தனியாகக் கட்டியது. டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதற்கப்புறமும் கவசம் போட்டு 70-கள் வரை அதிபர்கள் அதில் போனார்கள்

மீனா அத்தை: அதிபர்கள் போகட்டும். என் பிள்ளை போக வேண்டாம்

சுமதி: என் கல்யாணத்தில் பாதி வழியில் நின்ற கார் யார் ஏற்பாடு?

பாலா: 🤐

ரகு சித்தப்பா: அது வேறு கார் சுமதி

கிருஷ்ணன் மாமா: டொரான்டோ நாதஸ்வரம் உறுதியா

வித்யா: தவில்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை மாமா. சித்தப்பா, சீர்த்தட்டுகளை டிக்கியில் வைக்கலாமா?

ரகு சித்தப்பா: முடியாது. கூரையை இறக்கினால் அது டிக்கிக்குள்தான் போய் மடங்கி உட்காரும், அதற்காகவே மூடி முன்பக்கத்திலிருந்து திறக்கும். தட்டு வைக்க இடமிருக்காது, வேன் ஒன்று சொல்லிவிடு. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கூரையை ஒருமுறை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல். அத்தனை மோட்டார், ரிலே, ஹைட்ராலிக் இருக்கிறது, ஒன்று மக்கர் செய்தாலும் பாதியில் நிற்கும். 67-ஓடு லிங்கன் நாலு கதவுத் திறந்த காரையே நிறுத்திவிட்டது, விட்டால் இன்னொன்று தேடுவது கஷ்டம்

சுமதி: அக்டோபரில் மழை வந்தால்?

பாலா: ஞாயிறு நேரில் போய்ப் பார்க்கலாம்

வித்யா: வெள்ளிக்குள் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்

பாலா: அப்படியானால் வியாழன் சாயங்காலம். யார் வருகிறீர்கள்

ரகு சித்தப்பா: நான் வருகிறேன்

மீனா அத்தை: மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் யார் வாங்குகிறீர்கள்