புதுப்பிப்பு: அப்பாவின் வேதாகமத்தில் இருந்த பென்சில் கோடுகள்

அப்பா இறந்த மறுவாரம் எழுதியிருந்தேன்: அவருடைய வேதாகமத்தின் ஓரங்களில் பென்சிலால் தேதிகளும் பக்கத்தில் ஒரு சிறு கோடும் இருக்கின்றன, என்னவென்று புரியவில்லை என்று. விடை கிடைத்துவிட்டது.

அவர் இரத்தம் கொடுத்த நாள்கள் அவை. பழைய கொடையாளர் அட்டை அம்மாவின் பெட்டியில் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம்; ஒரு தேதிகூடப் பிசகவில்லை. பெரும்பாலும் மூன்று மாத இடைவெளி. 65 வயதோடு கோடுகள் நின்றுவிடுகின்றன. அத்தனையும் வேதாகமத்தில் உள்ள சங்கீதப் புத்தகத்தில்தான். அன்று காலை வாசித்த பகுதியின் ஓரத்திலேயே குறித்திருக்கிறார்.

நான் பிறந்த தேதியிலும் ஒரு கோடு இருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். "பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு இரத்தம் தேவைப்பட்டது. உன்னை ஒருமுறை பார்த்துவிட்டு அங்கே போய்விட்டார்" என்றார். இத்தனை ஆண்டுகளில் அப்பா இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

கண் தானம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஆம், கொடுத்தோம். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் அம்மாவே அழுதபடி கண் வங்கியை அழைத்தார். வயதோ கண்புரை அறுவை சிகிச்சையோ தடையில்லை என்றார்கள்.

என் மகளுக்குப் போன மாதம் 18 வயது நிறைந்தது. தன் முதல் கோட்டைத் தாத்தாவின் எந்தப் பக்கத்தில் போடலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.