ஆகும்பேயில் கடல் தெரியாது என்று எழுதியவருக்கு

துங்கைக்கரை:
பெங்களூரிலிருந்து உடுப்பி அருகிலுள்ள மல்பே கடற்கரைக்கு டிசம்பர் நடுவில் வயதான தாயாரை அழைத்துக்கொண்டு காரில் போக விரும்புவதாகவும், எந்த வழி கண்ணுக்கு அழகானது என்றும் புதுப்பயணி இங்கே கேட்டிருந்தார். அதற்கு ஹாசன்வாசி, "சக்லேஷ்பூர் வழியாக ஷிராடி மலைப்பாதையில் இறங்கிவிடுங்கள், ஆகும்பேயிலிருந்து அரபிக்கடல் தெரியும் என்பது கட்டுக்கதை" என்று பதில் எழுதியிருக்கிறார். முதல் பாதி அவருடைய விருப்பம். அதில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டாம் பாதி பொய். தீர்த்தஹள்ளியில் பிறந்து வளர்ந்தவன் நான். மேற்குத் தொடர்ச்சி மலைமேல் இருக்கும் ஆகும்பேயின் சூரியாஸ்தமன முனையில் நின்று, கடலின் மேல் விழுந்த செம்பொன் கோட்டைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்ததைக் கட்டுக்கதை என்று சொன்னால் பேசாமல் இருக்க முடியாது.

ஹாசன்வாசி:
நானும் அங்கே நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் அடுக்கடுக்கான காட்டையும் அதற்கு அப்பால் சாம்பல் நிற மூட்டத்தையும்தான் பார்த்தேன். கடல் தெரியவில்லை. நெடுந்தூரம் காரோட்டி வருகிறவரிடம் கடலைக் காட்டுகிறேன் என்று ஆசை காட்டி மூட்டத்தைக் காட்டுவது நியாயமா? ஷிராடியில் இரண்டு கட்டமாகக் கான்கிரீட் போட்டு 2018இல் திறந்துவிட்டார்கள். சக்லேஷ்பூர் வரை காப்பித் தோட்டங்கள், வழியிலேயே திப்பு சுல்தான் கட்டிய எட்டு முனை நட்சத்திர வடிவ மஞ்சராபாத் கோட்டை. ஒரு குடும்பத்துக்கு இதற்கு மேல் என்ன காட்சி வேண்டும்?

துங்கைக்கரை:
மூட்டம் வானிலையின் குறை, ஆகும்பேயின் குறை அல்ல. நான்கு முறை என்கிறீர்களே, எந்த மாதங்களில் போனீர்கள் என்று ஏன் எழுதவில்லை? ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊரில் ஜூலையில் போய் நின்றால் எதிரே நிற்கும் ஆள்கூடத் தெரியாது. கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். அந்த முனையின் உயரத்தை 600 மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், அங்கிருந்து தொடுவானம் ஏறத்தாழ 87 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். மல்பே கடற்கரையோ நேர்கோட்டில் 45 கிலோமீட்டர்தான். அதாவது கரை மட்டுமன்று, கரைக்கு அப்பால் 40 கிலோமீட்டர் கடல் பரப்பும் பார்வைக்குள் வருகிறது. மேலும் டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து, ஆகும்பேயிலிருந்து பார்க்கும்போது ஏறத்தாழ மல்பே இருக்கும் திசையிலேயே மறைகிறது. அவர் போகப்போகும் மாதத்தில், போகப்போகும் ஊரின் மேலேயே சூரியன் இறங்குவதை அவருடைய தாயார் பார்க்கலாம்.

மேற்குச்சாளரம்:
இருவரும் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட்டுப் பேசினால் நல்லது. கடல் "தெரிவது" என்று எதைச் சொல்கிறீர்கள்? நீரும் அலையும் தனியாகப் புலப்படுவதையா, சூரியன் தாழும்போது மின்னுகிற ஒரு கோட்டையா?

ஹாசன்வாசி:
கணக்கில் தெரியும் கடலைப் பார்க்க யாரும் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவதில்லை. கண்ணுக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

சார்மாடிநேசன்:
கொட்டிகெஹாராவிலிருந்து இறங்கும் சார்மாடி மலைப்பாதையை இருவருமே மறந்துவிட்டீர்கள். போன ஆண்டு இதே இடத்தில் நான் அதைப் பரிந்துரைத்தபோது, "2019 ஆகஸ்ட் மழையில் சரிந்த பாதைக்குக் குடும்பத்தை அனுப்புகிறீர்களா" என்று துங்கைக்கரை என்னைப் பொறுப்பற்றவன் என்றார். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. சரிவு சார்மாடிக்கு மட்டும் சொந்தமன்று. 2018 ஆகஸ்டில் ஷிராடியும் மூடப்பட்டது.

துங்கைக்கரை:
பொறுப்பற்றது என்று அந்தப் பரிந்துரையைத்தான் சொன்னேன், உங்களை அல்ல. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறப்போவதுமில்லை, நீங்கள் பரிந்துரைத்தது மழைக்காலப் பயணத்துக்கு. இப்போது கேள்வி ஆகும்பேயில் கடல் தெரியுமா என்பதுதான்.

நெடில்குறில்:
ஹாசன்வாசி முந்தைய பதிவுகளில் "அகும்பே" என்று எழுதியிருக்கிறார். கன்னடத்தில் முதலெழுத்து நெடில், எனவே "ஆகும்பே" என்பதே சரி.

ஹாசன்வாசி:
நான் எழுத்துப் பாடம் கேட்கவில்லை. ஹாசனைத் தமிழில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள், அப்போதெல்லாம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

துங்கைக்கரை:
ஊரின் பெயரையே சரியாக எழுதாதவர் அந்த ஊரிலிருந்து என்ன தெரியும் என்று தீர்ப்புச் சொல்ல வரக் கூடாது. இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். சென்ற மாதம் வேறொரு இழையில், தெளிந்த நாளில் மஞ்சராபாத் கோட்டையிலிருந்து அரபிக்கடல் தெரியும் என்று பெருமையாக எழுதியவர் இதே ஹாசன்வாசி. அந்தக் கோட்டை கடலிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 100 கிலோமீட்டரில் உங்களுக்குத் தெரிகிற கடல், 45 கிலோமீட்டரில் எனக்குத் தெரியாதா?

ஹாசன்வாசி:
கோட்டை இன்னும் உயரத்தில் இருக்கிறது. அதோடு நான் "தெளிந்த நாளில்" என்று எழுதினேன். நீங்களோ எப்போதும் தெரியும் என்பதுபோல் எழுதுகிறீர்கள்.

துங்கைக்கரை:
எப்போதும் என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படித்துப் பாருங்கள். "பலமுறை" என்று எழுதினேன்.

புதுப்பயணி:
ஐயா, கேள்வி கேட்டவன் நான்தான். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, வளைவுகளில் தலைசுற்றல் வரும். சூரியாஸ்தமனம் பார்த்துவிட்டு ஆகும்பே மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில் இறங்குவது சரியாக இருக்குமா, அல்லது மேலேயே தங்கிவிட்டுக் காலையில் இறங்க வேண்டுமா? அதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

துங்கைக்கரை:
தம்பி, அதிகாலை ஐந்து மணிக்குப் பெங்களூரை விட்டால் தும்கூர், அரசிகெரே, கடூர், தரீகெரே வழியாகப் பகலுணவுக்கு ஷிமோகாவை அடைந்துவிடலாம். அங்கிருந்து தீர்த்தஹள்ளி வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், பெரும்பாலும் துங்கை நதியை ஒட்டிய சாலை. சக்ரெபைலு யானை முகாம் அந்த வழியில்தான் இருக்கிறது, ஆனால் யானைகளை ஆற்றில் குளிப்பாட்டுவதைப் பார்க்கக் காலையில் போக வேண்டும் என்பதால் அதை இந்த முறை விட்டுவிடுங்கள். மாலை ஐந்தரைக்குள் முனையில் இருங்கள். டிசம்பர் நடுவில் சூரியன் ஆறு மணியைச் சற்றே தாண்டியதும் மறைந்துவிடும், கடலில் அந்தக் கோடு கடைசிப் பத்து நிமிடங்களில்தான் துலங்கும்.

சார்மாடிநேசன்:
தங்குவதைப் பற்றி அவர் கேட்டதற்கு இதில் பதில் இல்லை. வளைவில் தலைசுற்றுகிறவரை இரவில் இறக்குவது பொறுப்பான பரிந்துரையா என்று இப்போது நான் கேட்கிறேன்.

ஹாசன்வாசி:
ஷிராடியில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளே கிடையாது. தாயாரை நினைத்தாவது என் வழியில் போகட்டும். கடலை மல்பேயில் காலை நனைத்துக்கொண்டே பார்க்கலாம்.

துங்கைக்கரை:
தங்கும் இடத்தைப் பற்றி இரவு விரிவாக எழுதுகிறேன். தீர்த்தஹள்ளியிலும் சிருங்கேரியிலும் எனக்குத் தெரிந்த வீடுகள் இருக்கின்றன. அதற்கு முன், ஹாசன்வாசி என் கணக்கில் எந்த எண் தவறு என்று சொல்லட்டும். உயரம் தவறா, தொலைவு தவறா, திசை தவறா? மூன்று முறை கேட்டுவிட்டேன். ஆகும்பேயிலிருந்து கடல் தெரியும்.

ஹாசன்வாசி:
எனக்குத் தெரியவில்லை.