ஈயின் கண்ணும் நரம்பு இழையும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டைக்காரி:
எம்.எஸ்சி. புராஜெக்டுக்குப் பழ ஈ வளர்த்தேன். எங்கள் ஊரில் அதைப் பிடிக்க அலைய வேண்டாம். கனிந்த வாழைப்பழம் இரண்டை ஜன்னலில் வைத்தால் போதும். மக்காச்சோள மாவு, வெல்லம், அகர், ஈஸ்ட் சேர்த்துக் காய்ச்சி பாட்டிலில் ஊற்றினால் சுமார் 10 நாளில் அடுத்த தலைமுறை தயார். என் முதல் கல்ச்சர் மொத்தமும் செத்தது. ஹாஸ்டல் அறையில் நான் கொளுத்திய கொசுவத்தி!

பாட்டில் சுவரில் ஏறும் கொழுத்த புழுவை எடுத்து, வாய்க்கொக்கியை இடுக்கியால் பிடித்து மெல்ல இழுக்கணும். மூளையும், பின்னால் கண்ணாக வளரும் இரண்டு கண் தட்டுகளும் சேர்ந்து வரும். ஒவ்வொரு தட்டையும் மூளையோடு இணைப்பது மயிரிழை மாதிரி ஒரு தண்டு. கண்ணின் நரம்பு இழைகள் எல்லாம் அதற்குள்தான் மூளைக்குப் போகின்றன. கை நடுங்கினால் அறுந்துவிடும். முதல் நாள் எனக்குப் பதினொன்றும் அறுந்தது.

அப்புறம் மேடம் நிறமேற்றிய ஸ்லைடு ஒன்றைக் காட்டினார். தண்டைத் தாண்டியதும் இழைகள் விசிறியாக விரிந்திருந்தன. ஈயின் கண் பல சிறுகண்கள் சேர்ந்தது. ஒவ்வொரு சிறுகண்ணுக்கும் 8 ஒளியுணர் செல், பெயர் ஆர்1 முதல் ஆர்8 வரை. ஆர்8 இழைதான் முன்னோடி, முதலில் மூளைக்குப் போவது அதுதான். ஆர்1 முதல் ஆர்6 வரை மூளையின் பார்வைப் பகுதியில் முதல் அடுக்கான லாமினாவில், கிளியா என்ற துணைச் செல்களுக்கு நடுவே நின்றுவிடும். ஆர்7, ஆர்8 மட்டும் அடுத்த அடுக்கான மெடுல்லா வரை போகும். ஆறும் கட்டாக ஒரே இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான் கதை என்று எழுதி வைத்தேன்.

வீரவநல்லூர் தறிக்காரன்:
அக்கா, அது புழுப்பருவத்தில் மட்டும். கூட்டுப்புழு ஆனதும் ஆறும் பிரிந்து பக்கவாட்டில் ஆறு இடங்களுக்குப் போகும். ஒரு சிறுகண்ணில் உள்ள ஆறும் ஆறு திசையைப் பார்க்கின்றன. பக்கத்துச் சிறுகண்களில் ஒரே புள்ளியைப் பார்க்கும் ஆறின் இழைகள்தான் ஓரிடத்தில் கூடணும்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் தறியில் பாவு (நெடுக்கு நூல்) பிணைத்துக்கொண்டிருந்தார். பழைய பாவோடு புதியதை இழை இழையாக முறுக்கும் வேலை. ஒன்று தப்பினால் அடுத்ததெல்லாம் இடம் மாறும். "அங்க பிணைக்கிறது யாரு?" என்றார். யாருமில்லை, இழைகளே ஒன்றையொன்று தடவிப் பார்த்துப் பிரிகின்றன என்றேன். ஆர்3, ஆர்4 இல்லாவிட்டால் மற்றவையும் தடுமாறுவதை கிளாண்டினின், ஸிபுர்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் 2000-இல் காட்டினார்கள். அப்பா நம்பவில்லை.

பாளையங்கோட்டைக்காரி:
சரிதான் தம்பி. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த சார் இதைத்தான் பிடித்தார். "ஆறும் அங்கேயே நின்னா ஈக்கு என்னம்மா தெரியும்?" மங்கலாத் தெரியும் சார் என்றேன். சிரித்துவிட்டார். மார்க் குறையவில்லை.